கம்பெனியிடம் இருந்த குரல்

அமெரிக்காவிலிருந்து போன் வாங்கி அனுப்புகிற புண்ணியவான்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் தவணைக்கு எடுத்த, அந்தக் கம்பெனி சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டிய போனை அப்படியே ஊருக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே தம்பிக்காரன் ஆசையாக நம் ஊர் சிம்மைப் போடுவான். 'இந்த சிம் செல்லாது' என்று திரையில் வரும். அவ்வளவுதான், அடுத்த மினிபஸ்ஸில் ஏறி எங்கள் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் வந்து, மொபைல் சந்தை இரண்டாம் மாடியில் என் கடை முன்னால் நின்றுகொண்டு, நான்தான் பூட்டிவிட்ட மாதிரி, என் பேரோடு அக்கா என்பதற்கான 'எஜே'யையும் சேர்த்துக் கூப்பிட்டுச் சண்டை பிடிப்பான்.

"கனிஷாய் எஜே, போன் எங்க அண்ணனுது. பூட்டு மட்டும் எப்படி அவனுங்களுது?"

"உங்க அண்ணனைப் போய்க் கேளு. கையெழுத்துப் போட்டது அவனா, நானா?"

பதினோரு வருடமாக இதே பேச்சுதான். பக்கத்துக் கடைகளில் சிம்முக்கு அடியில் மெல்லிசாக ஒரு சில்லு வைத்து போனை ஏமாற்றிக் கொடுப்பார்கள். இரண்டு மாதம் ஓடும், ஒரு அப்டேட் வந்ததும் படுத்துவிடும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். எனக்கு நேர்வழிதான். தவணை முடிந்திருக்க வேண்டும், திருட்டுப் போனாக இருக்கக் கூடாது, யார் பேரில் கணக்கு இருக்கிறதோ அந்த ஆள் கம்பெனியைக் கேட்க வேண்டும். போனின் பதினைந்து இலக்க எண்ணைக் கொடுத்தால் அங்கே உட்கார்ந்தபடியே திறந்துவிடுவார்கள். கழற்றவும் வேண்டாம், நோண்டவும் வேண்டாம். கேட்கத் தெரியாதவர்களுக்காக நான் உட்கார்ந்து எழுதிக் கேட்டுக்கொடுப்பேன். ஆங்கிலப் படிவம் நிரப்புவதில் இந்த மாடியில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம். தொக்மோக் ஊரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் பேர் துய்ஷோன், அறுபது வயதிருக்கும், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; மூத்த ஆண்களை நாங்கள் மரியாதையாக 'பாய்கே' என்போம். அந்த அம்மா பேர் ஜூரா. கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார், உட்காரச் சொன்னபோது நாற்காலியின் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தார். துய்ஷோன் பாய்கே கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதோட பூட்டைத் திறக்கணும். பன்னிரண்டு நாள்ல வேணும்."

"கணக்கு யார் பேர்ல, பாய்கே?"

"என் மகன் பேர்ல. சமாத்."

"அப்ப அவரையே கேக்கச் சொல்லுங்களேன். அவர் கேட்டா அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் போய் வயசானவங்களை அலைய விட்டிருக்காரு பாருங்க!"

"அவன் கேக்க மாட்டான்," என்றார். "மண்ணுக்குள்ள இருக்கான்."

என் வாயை எதைக் கொண்டு தைப்பது என்று தெரியவில்லை. எழுந்து போய் இரண்டு கிண்ணத்தில் டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சமாத்துக்கு இருபத்தேழு வயது. சிகாகோவில் இருந்துகொண்டு லாரி ஓட்டினான். நெப்ராஸ்கா பக்கம் வண்டி கவிழ்ந்துவிட்டது. அங்கே இருக்கும் நம் ஆட்கள் சேர்ந்து உடலை அனுப்பிவைத்தார்கள். எங்கள் வழக்கப்படி, உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு அவன் துணிமணியை அடக்கத்தன்றே கொடுத்தாகிவிட்டது. போன் மட்டும் அமெரிக்கப் போலீஸிடம் மாட்டிக்கொண்டு, அவனோடு அறையில் இருந்த சித்தப்பா மகன் காலிஸ் அதை வாங்கி இப்போதுதான் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"குளிப்பாட்டறப்ப முதல்ல தண்ணி ஊத்தினது அவன் சிநேகிதன் பெக்துர். சின்ன வயசுலேர்ந்து ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டதுங்க. நாற்பதாம் நாள் எல்லாரையும் உக்காத்தி வெச்சு இதை அவன் கையில குடுக்கணும். வாங்கினவன் அங்கேயே அவன் சிம்மைப் போட்டு பேசணும். பூட்டின சாமானைக் குடுத்தா என் புள்ளை அந்த உலகத்துல கையைக் கட்டிப்போட்ட மாதிரி கிடப்பான்."

கடைசியில் சொன்னதை எங்கள் ஊரில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதரிடம் போய் அது வழக்கமா இல்லையா என்று யார் வாதாடுவது? போனை எடுத்துப் பார்த்தேன். தவணை எல்லாம் முடிந்த போன். படங்களை எல்லாம் மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துவிட்டார்களாம். வேலை சுலபம்தான் என்று தோன்றியது.

அப்போது ஜூரா அம்மா தன் பையிலிருந்து பட்டன் போன் ஒன்றை வெளியே எடுத்து, யாரையும் பார்க்காமல், ஒரு பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். காது கொஞ்சம் மந்தம் போல, ஒலியை உச்சத்தில் வைத்திருந்தார். எனக்கும் தெளிவாகக் கேட்டது. முதலில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அப்புறம் நம் பேச்சில், சிரித்துக்கொண்டே பேசுகிற ஒரு பையன் குரல்.

"சமாத் பேசறேன். வண்டி ஓட்டிட்டு இருக்கேன், எடுக்க முடியல. பேரைச் சொல்லுங்க, கூப்பிடறேன். அம்மா, நீயா இருந்தா, நான் சாப்பிட்டாச்சு. கவலைப்படாம தூங்கு."

ஒரு 'பீப்' வந்ததும் அந்த அம்மா போனைக் கீழே வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை," என்றார் துய்ஷோன் பாய்கே தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளியே வந்தா கூட ஒண்ணு. அதான் எங்களுக்குள்ள சண்டையே. போனைக் குடுக்கக் கூடாதுங்கறா."

"போனை வேணாங்கலை," என்றார் ஜூரா அம்மா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "குரலை வெளியில எடுத்துட்டு போனைக் குடு. இல்லேன்னா குடுக்காதே. என் புள்ளை குரல் பெக்துர் வீட்டுல போய் எதுக்கு இருக்கணும்?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியும்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்மா, இங்க பாருங்க. குரல் இந்தப் போன்ல இல்லவே இல்லை. இதுல சிம்மே கிடையாது, அணைச்சுத்தான் கிடக்கு. இருந்தும் இப்ப குரல் வந்துச்சா இல்லையா? அது அமெரிக்காவுல கம்பெனியோட மெஷின்ல, குரல் பெட்டின்னு ஒண்ணுல இருக்கு. போனை எடுக்க ஆளில்லேன்னா அதுதான் பேசும். போனை பெக்துருக்குக் குடுங்க, கிணத்துல வேணா தூக்கிப் போடுங்க. குரல் எங்கேயும் போகாது."

"நிஜமாவா, மகளே?"

"சத்தியமா."

அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் விட்டமாதிரி இருந்தது. புருஷனைப் பார்த்து, "அப்ப குடுத்துடு," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்தாலும், இதை எதுலயாவது பிடிச்சுத் தர முடியுமா? ஒரு ஆசைக்குத்தான்," என்றார்.

பத்து நொடி வேலை. என் போனை அவர் போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். ஆனால் கடை வாசலில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தன் வேறு "எஜே, எவ்வளவு நேரம்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அதுக்கு என்ன அவசரம்மா? போனை வாங்க வருவீங்கள்ல, அன்னிக்கு நிதானமா பிடிச்சுத் தரேன்," என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை காலிஸை வீடியோவில் கூப்பிட்டேன். அவனுக்கு அது ராத்திரி, களைத்துப் போயிருந்தான். நல்ல பையன். சமாத் செத்த பிறகும் அந்த நம்பரின் லைனுக்கு இவன்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தான். சாவுச் சான்றிதழையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தான். கம்பெனிப் பக்கத்தைத் திறந்தோம். கணக்குக்காரர் இறந்துவிட்டால் குடும்பத்தார் நிரப்ப ஒரு படிவம் இருந்தது. இரண்டு வழி கொடுத்திருந்தார்கள். ஒன்று, லைனை வேறு ஒருவர் பேருக்கு மாற்றிக்கொண்டு, அவர் கேட்டுத் திறப்பது. இன்னொன்று, லைனை மூடிவிட்டு போனை விடுவிப்பது.

"எஜே, நான் வேணா என் பேருக்கு மாத்திக்கறேன்," என்றான் காலிஸ்.

"அதுக்கு மூணு வாரம்னு போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? நாற்பது பதினொரு நாள்ல வருது. அந்த மனுஷன் என் கடை வாசல்ல வந்து உக்காந்துடுவாரு. மூடறதுதான் வேகம்."

"மூடினா ஒண்ணும் ஆகாதே?"

"செத்தவனுக்கு லைன் எதுக்குடா? உனக்கும் மாசாமாசம் தண்டம்."

இரண்டாவது கட்டத்தில் நானே குறி போட்டேன். கீழே பொடி எழுத்தில் ஆறேழு வரி இருந்தது. ஒரு நாளைக்கு இருபது படிவம் நிரப்புகிறவள் பொடி எழுத்தை எங்கே படிக்கப் போகிறாள்! விரலால் தள்ளிவிட்டு 'அனுப்பு' என்று அழுத்தினேன். குரல் போனில் இல்லை, கம்பெனியில் இருக்கிறது என்று முந்தின நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவள் நான்தான். கம்பெனியில் எங்கே இருக்கிறது, எதோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை கடை திறந்தபோது கம்பெனியிடமிருந்து மெயில் வந்து கிடந்தது. போன் விடுவிக்கப்பட்டது என்று. தொக்மோக்குக்குச் சொன்னேன். இரண்டு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

துய்ஷோன் பாய்கே தன் சிம்மைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதை சமாத்தின் போனில் போட்டு, கடை வைஃபையில் சேர்த்தேன். அரை நிமிஷம் திரை வெள்ளையாக நின்றது. அப்புறம் நம் ஊர் கம்பெனியின் பேர் மேலே வந்தது. அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பெக்துருக்குப் போன் போட்டார்.

"டேய், கேக்குதாடா? சமாத் போன்லேர்ந்துதான் பேசறேன்! திறந்துட்டாங்கடா!" என்று கத்தினார். சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீரும் வழிகிறது. மாடியில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஜூரா அம்மா என் முழங்கையைத் தொட்டார். "மகளே, பிடிச்சுத் தரேன்னியே. கிளம்பற அவசரத்துல இன்னிக்குக் காலைல கேக்கக்கூட இல்லை."

"ஐயோ, ஆமாம்மா! கூப்பிடுங்க." என் போனில் பதிவைப் போட்டு அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் பொத்தானை அழுத்தினார். கேட்டார். புருவம் சுருங்கியது. கட் பண்ணிவிட்டு மறுபடி அழுத்தினார். இந்த முறை கடைசி வரை கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, புருஷனுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பொண்ணு எடுக்கறா."

"என்னம்மா?"

"பொண்ணு. இங்கிலீஷ்ல பேசறா. ரொம்ப மரியாதையா பேசறா." அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "யாரு அவ? அங்கே அவனுக்கு யாராவது இருந்தாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே, திருட்டுப் பய."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். நீங்கள் அழைத்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். லைனை மூடினால் அதோடு இருந்த குரல் பெட்டியும் போய்விடும். பெட்டியில்தான் குரல் இருந்தது. அந்த நொடியில்தான் எனக்கு அது உறைத்தது. பதினோரு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு உறைத்தது அப்போதுதான்.

"லைன்ல ஏதோ கோளாறும்மா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "விசாரிச்சுச் சொல்றேன். நாளைக்குச் சொல்றேன்."

"அவ பேரைக் கேட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா புருஷனோடு படி இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கடையில் இருந்தேன். காலிஸ் கம்பெனியைப் பிடித்து எனக்கும் இணைப்பு கொடுத்தான். நாற்பது நிமிஷம் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். நல்ல பெண், குடும்பத்தின் இழப்புக்கு வருந்துகிறேன் என்று இரண்டு தரம் சொன்னாள். நம்பரை வேண்டுமானால் திரும்ப எடுத்துத் தர முயற்சி செய்யலாம் என்றாள். பெட்டி புதுசாகத்தான் வரும், அதில் ஒன்றும் இருக்காது. லைன் மூடினதுமே பதிவுகள் அழிந்துவிடும், எங்கேயும் நகல் கிடையாது, படிவத்தின் கீழே போட்டிருக்கிறோமே அம்மா என்றாள்.

அவள் வைத்த பிறகும் காலிஸ் லைனில் இருந்தான். "எஜே, என் பேருக்கு மாத்திக்கறேன்னு சொன்னேனே," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவனைக் கன்னாபின்னாவென்று கத்தினேன். நீ அவனோடு ஒரே அறையில் இருந்தவன்தானே, உனக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா என்று கத்தினேன். கத்தி முடித்துவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு அழுதேன்.

பதினோரு மணிக்கு ஜூரா அம்மா தனியாக வந்தார். தொக்மோக்கிலிருந்து மினிபஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார், புருஷனிடம் சொல்லவில்லையாம். உட்கார்ந்ததும் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து எனக்கு முன்னால் பிரித்து வைத்தார். பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவிடம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வந்திருந்தார். நீ யார், என் மகனை உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று முதல் இரண்டு வரி. மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது.

"இதைத்தான் முதல்ல கேக்கணும்," என்றார். "அவன் செத்துட்டது அவளுக்குத் தெரியுமா? பாவம், யாரும் சொல்லாம விட்டுட்டா அந்தப் பொண்ணு அவன் நம்பரை வெச்சுக்கிட்டு காத்துட்டு இருப்பாளே! நான் ராத்திரி பூரா இதையே நினைச்சுட்டு இருந்தேன். நீ நல்லா பேசுவே, பக்குவமா சொல்லு. ஊருக்கு வரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

அவரிடம் சொல்வதற்கு நான் ஏதேதோ பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன். கம்பெனியில் ரிப்பேர், ஒரு மாதம் ஆகும் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை.

"அம்மா, அப்படி ஒரு பொண்ணு கிடையாது," என்றேன். "அது மெஷின். இந்த நம்பர் இப்ப இல்லைன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ற மெஷின். போனைத் திறக்கறதுக்காக நான் சமாத்தோட லைனை மூடச் சொல்லிட்டேன். குரல் அந்த லைனோட இருந்திருக்கு. மூடினதும் அழிஞ்சு போச்சு. திரும்பி வராது. காலிஸ் வேற வழி சொன்னான், நான்தான் கேக்கலை. நீங்க பிடிச்சுக் குடுன்னு கேட்டீங்க, அதையும் நான்தான் தள்ளிப்போட்டேன். எல்லாம் நான் பண்ணினதும்மா."

அவர் காகிதத்தைத் திரும்ப நாலாக மடித்தார். மடிப்பை நகத்தால் நீவினார். கீழே தள்ளுவண்டிக்காரன் சம்சா சம்சா என்று கத்திக்கொண்டு போனான். ஒரு வாடிக்கையாளர் உள்ளே தலையை நீட்டினார். நான் கையைக் காட்டியதும் போய்விட்டார்.

"புதன்கிழமை சாயங்காலம் கேட்டேனே," என்றார் கடைசியில். "அப்ப இருந்தானே."

"ஆமாம்மா. அப்ப இருந்தது."

"எப்ப மூடினாங்க?"

"அன்னிக்கு ராத்திரிதான்."

"மணி எத்தனை?"

கம்பெனி மெயிலைத் திறந்து பார்த்தேன். அங்கே சாயங்காலம் நாலு பத்து என்று போட்டிருந்தது. நம் நேரத்துக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். "விடியக்காலம் மூணு பத்தும்மா."

அவர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"தூங்கிட்டு இருந்தேன்," என்றார். "அங்கே அவன் வண்டி கவுந்தப்பவும் இங்கே எனக்கு ராத்திரி. அன்னிக்கும் நல்லாத் தூங்கினேன். ரெண்டு தடவையும் தூங்கிட்டேன் பாரு."

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "திட்டுங்கம்மா. ரெண்டு அறை வேணா விடுங்க. இப்படிப் பேசாதீங்க."

அவர் என் தலையில் கையை வைத்தார். கை சில்லென்று இருந்தது.

"உன்னைத் திட்டி என்ன ஆகப் போகுது, மகளே," என்றார். "மூணு பத்துக்கு நீயும் தூங்கிட்டுதானே இருந்திருப்பே."

ஆமாம், தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.